முடிக்காத பாட்டுக்கு யார் சொந்தக்காரர்?

1997 மே 29, மெம்பிஸ் நகரம். ஜெஃப் பக்லி என்ற 30 வயதுப் பாடகர் போட்டிருந்த துணியோடும் பூட்ஸோடும் வுல்ஃப் ஆற்றில் இறங்கினார். கூட வந்த நண்பர் கரையில் உட்கார்ந்திருந்தார். பக்லி பாடிக்கொண்டே நீந்தினார். ஒரு படகு கடந்துபோய் அலை எழுந்தது. கரையில் இருந்த ரேடியோவில் தண்ணீர் படாமல் நகர்த்தி வைத்துவிட்டு நண்பர் திரும்பிப் பார்த்தால் ஆளைக் காணோம். உடல் கிடைக்க ஆறு நாள் ஆனது. புது ஆல்பத்தின் வேலையைத் தொடங்குவதற்காக அவருடைய இசைக்குழு விமானத்தில் மெம்பிஸ் வந்து இறங்கியது அதே நாள் ராத்திரி.

பக்லி உயிரோடு இருந்தபோது வெளிவந்தது ஒரே ஒரு முழு ஸ்டுடியோ ஆல்பம்தான். 1994ல் வந்த 'கிரேஸ்'. லெனர்ட் கோஹனின் 'ஹாலலூயா'வை அவர் அதில் பாடியிருப்பதைக் கேட்டவர்கள் பலருக்கு அது கோஹன் எழுதிய பாட்டு என்பதே பிறகுதான் தெரியும். அப்படி ஒரு குரல். அடுத்த ஆல்பத்துக்கு 'மை ஸ்வீட்ஹார்ட் த ட்ரங்க்' என்று பெயர் யோசித்து வைத்திருந்தார். டாம் வெர்லைன் என்ற கிடாரிஸ்டைத் தயாரிப்பாளராக வைத்துக்கொண்டு நியூயார்க்கிலும் மெம்பிஸிலும் பாட்டுகளைப் பதிவும் செய்தார். கேட்டுப் பார்த்தார், பிடிக்கவில்லை. 'கிரேஸ்' செய்த ஆண்டி வாலஸை அழைத்து மறுபடி முதலிலிருந்து செய்வதென்று முடிவெடுத்தார். அதற்கு நடுவில் மெம்பிஸில் வாடகை வீட்டில் தனியாக உட்கார்ந்து, நான்கு டிராக் மட்டுமே உள்ள சின்ன ரெக்கார்டரில் புதுப் பாட்டுகளைப் பாடிப் பாடிப் பதிந்துகொண்டிருந்தார்.

ஆக அவர் இறந்த அன்று இரண்டு வகைச் சரக்கு மிச்சம் இருந்தது. ஒன்று, முழுசாகப் பதிவாகி அவரே வேண்டாம் என்று ஒதுக்கியது. இன்னொன்று, அவர் ஆசையாகச் செய்துகொண்டிருந்து பாதியில் நின்றது. கம்பெனியின் பார்வையில் முதலாவது கிட்டத்தட்ட ரெடி. உறையில் போட்டால் விற்கலாம். விற்கத்தான் தயாரானார்கள். அம்மா மேரி கிபர்ட் நடுவில் வந்து நிறுத்தினார். மகனின் இசைக்குழுவினர் அவர் பக்கம் நின்றார்கள். பேசிப் பேசி ஒரு சமரசம் வந்தது. 1998 மே மாதம் இரண்டு தட்டாக வெளியானது. முதல் தட்டில் பெரும்பாலும் வெர்லைனோடு செய்த பதிவுகள், இரண்டாவதில் பெரும்பாலும் வீட்டில் செய்த நான்கு டிராக் பதிவுகள். பெயரில் மட்டும் ஒரு சின்ன மாற்றம்: 'ஸ்கெட்சஸ் ஃபார் மை ஸ்வீட்ஹார்ட் த ட்ரங்க்'. அதாவது, அந்த ஆல்பத்துக்கான கிறுக்கல்கள், முன்வரைவுகள். ஆல்பம் இது இல்லை, அது வரவே இல்லை, வரப்போவதும் இல்லை என்று உறையிலேயே சொல்லிவிட்டார்கள்.

இறந்துபோன இசைக்கலைஞரின் அரைகுறை வேலையை வெளியிடலாமா கூடாதா என்ற சண்டை ஒவ்வொரு பிரபலம் போகும்போதும் புதுசாக ஆரம்பிக்கும். ஒரு கோஷ்டி, "அவர் ஓகே சொல்லாததை வெளியிடுவது பிணத்தின் சட்டைப்பையில் கை விடுவது மாதிரி" என்று கொதிக்கும். இன்னொரு கோஷ்டி, "காஃப்கா எரிக்கச் சொன்னதை மாக்ஸ் பிராட் எரித்திருந்தால் உலகத்துக்கு என்ன மிஞ்சியிருக்கும்?" என்று காஃப்காவை இழுத்து வரும். (காஃப்கா இல்லாமல் இந்த விவாதம் நடந்ததே கிடையாது!) இரண்டு பேரும் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் இரண்டு பேருமே அந்த 'ஸ்கெட்சஸ்' என்ற ஒற்றைச் சொல்லைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். வம்பெல்லாம் அங்கேதான் இருக்கிறது.

பரீட்சைப் பேப்பரை நினைத்துக்கொள்ளுங்கள். ஓரத்தில் கோடு போட்டு 'ரஃப் வொர்க்' என்று எழுதிவிட்டு என்ன வேண்டுமானாலும் கிறுக்கலாம். திருத்துகிறவர் அதைப் பார்ப்பார், மார்க்கைக் குறைக்க மாட்டார். சில சமயம் பையன் எப்படி யோசித்திருக்கிறான் என்று அதில்தான் அவருக்குத் தெரியும். அதே கிறுக்கலை வேறொருவர் எடுத்து, அழகாகப் படியெடுத்து, விடுபட்ட வரிகளைத் தாமே எழுதிச் சேர்த்து, மேலே அந்தப் பையனின் நம்பரைப் போட்டுக் கட்டில் செருகிவிட்டால்? மார்க் கூடினாலும் அது மோசடி. குறைந்தால் அந்தப் பையனுக்குச் செய்த கொடுமை. இசையிலும் கதை இதேதான்.

பக்லி ஆல்பம் வந்த அதே 1998ல், மூன்று மாதம் முன்னால், பிப்ரவரி 15ஆம் தேதி, லண்டன் ராயல் ஃபெஸ்டிவல் ஹாலில் ஒரு சிம்பொனி அரங்கேறியது. பிபிசி சிம்பொனி இசைக்குழு, நடத்தியவர் ஆண்ட்ரூ டேவிஸ். இசையமைத்தவர் இறந்து 64 வருடம் ஆகியிருந்தது. எட்வர்ட் எல்கர். இந்தக் கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனென்றால் பக்லி ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார், எல்கர் வாய்விட்டே சொல்லிவிட்டுப் போனார்.

எல்கரின் மூன்றாவது சிம்பொனி வேண்டும் என்று 1932ல் பிபிசி 1000 பவுண்டு பேசி ஒப்பந்தம் செய்தது. எழுதச் சொல்லி நச்சரித்தவர்களில் பெர்னார்ட் ஷாவும் ஒருவர். எல்கரும் உற்சாகமாக ஆரம்பித்தார். வரிசையாக எழுதுகிற ஆசாமி இல்லை அவர். இங்கே நாலு வரி, அங்கே ஒரு பக்கம், பழைய நாடகத்துக்குப் போட்ட மெட்டிலிருந்து ஒரு துண்டு என்று குவித்துக்கொண்டே போனார். ரீட் என்ற வயலின் கலைஞர் அவருடைய சிநேகிதர். அவர் வந்து இந்தத் துண்டுகளை வாசிக்க, எல்கர் பியானோவில் கூட வாசித்து, "இது இங்கே, அது அங்கே" என்று சொல்லுவார். தலைக்குள் முழு சிம்பொனியும் இருந்திருக்கலாம். தாளில் இருந்தது நூற்றுச் சொச்சம் பக்கத் துண்டுகள்தான். 1933ல் புற்றுநோய் என்று தெரிந்தது. படுக்கையில் இருந்தபடி ரீடிடம், இதை யாரும் கைவைத்து ஒட்டுப்போட விடாதே, எரித்துவிடுவதுகூட நல்லது என்கிற மாதிரி கண்கலங்கச் சொன்னார். யாரும் தொட மாட்டார்கள் என்று ரீட் வாக்குக் கொடுத்தார். 1934 பிப்ரவரி 23ல் எல்கர் இறந்தார்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அதே எல்கர் தன் டாக்டரிடம் வேறு மாதிரி பேசியிருக்கிறார். என்னால் முடிக்க முடியாவிட்டால் வேறு யாராவது முடிப்பார்கள், இல்லை இதைவிட நன்றாக எழுதுவார்கள் என்கிற தோரணையில். எது அவருடைய 'கடைசி விருப்பம்'? வலியில் கிடக்கிற மனிதர் திங்கட்கிழமை ஒன்று சொல்வார், வியாழக்கிழமை ஒன்று சொல்வார். இறந்தவரின் விருப்பம் என்று அடித்துப் பேசுகிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். யாரிடம் சொன்னார், எந்த மனநிலையில் சொன்னார் என்பதையெல்லாம் விட்டுவிட்டு, வசதியான ஒரு வாக்கியத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு ஆடுவது சுலபம்.

ரீட் வாக்கைக் காப்பாற்றினார், கூடவே ஒரு சின்ன வேலையும் செய்தார். 1936ல் எல்கரைப் பற்றித் தான் எழுதிய புத்தகத்தில் அந்தத் துண்டுகளில் 40க்கும் மேற்பட்ட பக்கங்களை அப்படியே படமாக அச்சிட்டுவிட்டார். யாரும் முடிக்கவில்லை, எல்லோரும் பார்க்க முடிந்தது. பல வருடம் கழித்து அந்தோனி பெய்ன் என்ற இசையமைப்பாளர் அந்தப் பக்கங்களைப் பார்த்து மயங்கிப்போனார். துண்டுகள் எப்படிப் பொருந்தும் என்று வருடக்கணக்கில் யோசித்தார். எல்கரின் குடும்பம் முதலில் சம்மதிக்கவில்லை. பிறகு சட்டம் வந்து கதவைத் தட்டியது. பிரிட்டனில் காப்புரிமை இறந்த பிறகு 70 வருடம். ரீட் அச்சிட்டுவிட்ட அந்தப் பக்கங்கள் 2005ல் பொதுச்சொத்தாகிவிடும். அதன்பின் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் ஒட்டி 'எல்கரின் மூன்றாவது சிம்பொனி' என்று போடலாம், தடுக்க முடியாது. தடுக்க முடியாத ஒன்றை, நம்பிக்கையான ஒரு ஆளிடம் முன்கூட்டியே கொடுப்பது மேல் என்று குடும்பம் முடிவெடுத்தது. பெய்னுக்கு அனுமதி கிடைத்தது.

கடைசிப் பகுதியின் முடிவுக்கு எல்கர் ஒரு குறிப்பும் விட்டுவைக்கவில்லை. பெய்ன் தானே எழுத வேண்டியிருந்தது. ஆர்ப்பாட்டமாக முடிக்கவில்லை அவர். ஓசை தூரத்தில் தேய்ந்து தேய்ந்து, கடைசியில் ஒரு சேகண்டி ஒலி மட்டும் மிஞ்சுகிற மாதிரி விட்டார். எல்கரின் இன்னொரு படைப்பில், வண்டி ஒன்று கடந்து போவதைக் காட்டும் பகுதியிலிருந்து எடுத்த யோசனை அது. அழகான முடிவு. எல்கர் அப்படி முடித்திருப்பாரா? சத்தியமாக யாருக்கும் தெரியாது. அது பெய்னுக்கும் தெரிந்திருந்தது. அதனால்தான் தலைப்பு இப்படி நீளமாக இருக்கிறது: 'எட்வர்ட் எல்கர்: மூன்றாவது சிம்பொனிக்கான ஸ்கெட்சுகள், விரித்தெழுதியவர் அந்தோனி பெய்ன்'. சிம்பொனி என்று சொல்லவில்லை, முடித்தேன் என்றும் சொல்லவில்லை. துண்டுகள் அவருடையவை, விரிவு என்னுடையது, குறை சொல்ல வேண்டுமானால் என்னைச் சொல்லுங்கள் என்று தலையை நீட்டிவிட்டார். ஒரே வருடத்தில் ராக் உலகத்திலும் சாஸ்திரிய உலகத்திலும் இரண்டு பேர் ஒரே சொல்லைப் பிடித்தார்கள் என்பது தற்செயல்தான். ஆனால் நல்ல தற்செயல்.

எல்கர் கேட்டுக்கொண்டதை மீறியது சரியா என்று கேட்டால், கொஞ்சம் இடிக்கத்தான் செய்கிறது. வாக்குக் கொடுத்தவர் உயிரோடு இருந்தவரை அந்த வாக்கு மதிக்கப்பட்டது, அதற்குள் யாராவது அவசரப்பட்டிருந்தால் அது அசிங்கம். 64 வருடம் கழித்து, அவரை நேரில் அறிந்தவர்கள் போய்ச் சேர்ந்த பிறகு, சட்டமும் கையை விடப்போகிற நேரத்தில், பெயரை மறைக்காமல் ஒருவர் செய்தார். இதற்கும், ஈரம் காய்வதற்குள் கடையில் கொண்டுவந்து வைப்பதற்கும் ஒரே தீர்ப்பு எழுத முடியாது.

இப்போது எதிர்ப்பக்கம். ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் 1970 செப்டம்பர் 18ல் 27 வயதில் இறந்தார். ஸ்டுடியோவில் மணிக்கணக்கான டேப்புகள். 1971ல் வந்த 'த க்ரை ஆஃப் லவ்' பரவாயில்லை, அவரோடு கூடவே வேலை செய்த எடி கிரேமரும் டிரம்மர் மிட்ச் மிட்செலும் சேர்த்துக் கட்டியது. 1975ல் ஆலன் டக்ளஸ் என்ற தயாரிப்பாளர் 'கிராஷ் லேண்டிங்' என்று ஒன்றைக் கொண்டுவந்தார். என்ன செய்தார் என்றால், ஹெண்ட்ரிக்ஸோடு அன்றைக்கு உட்கார்ந்து வாசித்தவர்களின் பேஸ், டிரம்ஸ் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, கூலிக்கு வாசிக்கும் ஸ்டுடியோ கலைஞர்களை வைத்து மறுபடி வாசிக்கச் செய்து ஒட்டினார். சில பாட்டுகளில் இணை ஆசிரியர் என்று தன் பெயரையும் போட்டுக்கொண்டார். அமெரிக்கப் பட்டியலில் அது 5ஆம் இடம் வரை போனது என்பதையும் சொல்ல வேண்டும். ஜனங்களுக்குப் பிடித்திருந்தது!

இதில் என்ன தப்பு, கேட்க நன்றாக இருந்தால் போதாதா என்று ஒரு கேள்வி வரும். ஹெண்ட்ரிக்ஸின் கிடார் தனியாக அந்தரத்தில் தொங்கவில்லை. டிரம்ஸ் கொஞ்சம் பின்தங்கினால் அதற்கு இடம்விட்டு வாசிப்பார், பேஸ் ஒன்று சொன்னால் அதற்குப் பதில் சொல்லுவார். எதிரே இருந்தவரை அழித்துவிட்டு வேறொருவரை உட்கார வைத்தால், அவர் பதில் சொன்னது யாருக்கு? நம் கச்சேரியில் ஒரு வித்வானின் பாட்டை மட்டும் வைத்துக்கொண்டு, மிருதங்கத்தைப் பிடுங்கிவிட்டு அஞ்சு வருஷம் கழித்து இன்னொருவரை வாசிக்கச் சொன்ன மாதிரி. ஆல்பம் முழுக்க ஒரு சின்னப் பொய் ஓடிக்கொண்டிருக்கிறது. 1995ல் உரிமை ஹெண்ட்ரிக்ஸின் அப்பாவிடம் வந்தது. 1997ல் கிரேமரையே மறுபடி கூப்பிட்டு, பழைய டேப்புகளிலிருந்து 'ஃபர்ஸ்ட் ரேஸ் ஆஃப் த நியூ ரைசிங் சன்' என்ற தொகுப்பை வெளியிட்டார்கள். மூல டேப்பு பத்திரமாக இருந்தால் பிழையைத் திருத்த வழி உண்டு.

காசு ஆசைதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று ஒரே வரியில் முடிப்பவர்களும் உண்டு. காசு காரணம்தான், ஆனால் காசு மட்டுமே பாவம் ஆகிவிடாது. மோட்சார்ட்டின் 'ரெக்வியம்' அதற்கு நல்ல உதாரணம். 1791 டிசம்பர் 5ல் அவர் இறந்தபோது மனைவி கான்ஸ்டன்ஸே கையில் இரண்டு குழந்தைகள், தலைமேல் கடன். பாதிக் கூலி முன்பணமாக வந்துவிட்டது, மீதி வேண்டுமென்றால் முழுப் படைப்பைக் கொடுக்க வேண்டும். 'லாக்ரிமோசா' பகுதி எட்டு பார்களோடு நின்றிருந்தது. முதலில் அய்ப்ளர் என்பவர் முயன்று விட்டுவிட்டார். சூஸ்மையர் முடித்துக் கொடுத்தார். முழுதும் மோட்சார்ட் எழுதியது என்ற பாவனையில் படைப்பு போய்ச் சேர்ந்தது. வாங்கியவர் யார்? வால்செக் பிரபு. அவரோ அடுத்தவர் இசையை வாங்கித் தன் பெயரில் நடத்திக் காட்டும் ஆசாமி. 1793 டிசம்பரில் தன் படைப்பு என்றே அரங்கேற்றினார். அதாவது, மோட்சார்ட் இல்லாததை மோட்சார்ட் என்று கொடுத்தார்கள், அவர் அதை வால்செக் என்று போட்டுக்கொண்டார் :-) கான்ஸ்டன்ஸேவைக் குற்றம் சொல்ல மனசு வராது. குழந்தைகளுக்குச் சோறு வேண்டும். ஆனால் அன்று மூடி மறைத்ததற்கு இரண்டு நூற்றாண்டாக அறிஞர்கள் எந்த வரி யாருடையது என்று தாளின் கையெழுத்தைப் பார்த்து மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள். சூஸ்மையர் சொந்தமாக எழுதியதாகச் சொன்ன 'சாங்க்டஸ்', 'பெனடிக்டஸ்' பகுதிகளை இன்றும் சந்தேகத்தோடுதான் கேட்கிறார்கள். பாவம், நன்றாக இருக்கிற இடமெல்லாம் மோட்சார்ட் கணக்கில், சொதப்பல் எல்லாம் சூஸ்மையர் கணக்கில்.

நம்மூரில் இதை ரொம்ப எளிதாகக் கையாண்ட ஒரு சம்பவம் உண்டு, இசையில் இல்லை, எழுத்தில். கல்கி 1954ல் இறந்தபோது (அதுவும் டிசம்பர் 5!) 'அமரதாரா' நாவல் பாதியில் நின்றது. அவருடைய குறிப்புகளை வைத்து மகள் ஆனந்தி அதை முடித்தார். கல்கி எழுதியது, மகள் முடித்தது என்று வாசகர்களுக்குத் தெரியும், தெரிந்தே படித்தார்கள். யாரும் ஏமாறவில்லை. பாரதியின் 'சந்திரிகையின் கதை' முடியாமலே அச்சாகி முடியாமலே இன்றும் கிடைக்கிறது, அதனால் பாரதிக்கு ஒரு குறையும் வந்துவிடவில்லை.

மைக்கேல் ஜாக்சன் விஷயத்தில் நடந்ததோ நேர் எதிர். 2009 ஜூன் 25ல் இறந்தார், 2010 டிசம்பரில் 'மைக்கேல்' என்ற ஆல்பம் வந்தது. அதில் மூன்று பாட்டுகளில் இருப்பது அவர் குரலே இல்லை என்று ரசிகர்களும் குடும்பத்தில் சிலரும் வந்த நாளிலிருந்தே கத்தினார்கள். கம்பெனி இல்லவே இல்லை என்றது. 2014ல் ஒரு ரசிகை வழக்குப் போட்டார். வருடக்கணக்கில் இழுத்து, 2022ல் அந்த மூன்று பாட்டும் ஸ்ட்ரீமிங் தளங்களிலிருந்து எடுக்கப்பட்டன, வழக்கும் சமரசத்தில் முடிந்தது. குரல் யாருடையது என்று கோர்ட் தீர்ப்புச் சொல்லவில்லை. ஆனால் 12 வருடம் அந்தப் பாட்டுகளைக் கேட்ட ஒவ்வொருவரும் இசையைக் கேட்கவில்லை, துப்பறிந்துகொண்டிருந்தார்கள். ஒரு கலைஞனுக்குச் செய்யக்கூடிய மோசமான அஞ்சலி வேறென்ன இருக்க முடியும்?

இதையெல்லாம் பார்த்து வெறுத்துப்போய், அழித்துவிடுவதே உத்தமம் என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். எமி வைன்ஹவுஸ் 2011ல் 27 வயதில் போனார். அந்த வருட டிசம்பரிலேயே 'லயனெஸ்' என்ற தொகுப்பு வந்தது. அதன் பிறகு மிச்சம் இருந்த டெமோக்களை யுனிவர்சல் நிறுவனத்தின் பிரிட்டன் தலைவர் டேவிட் ஜோசஃப் அழித்துவிட்டார். பின்னால் வருகிறவர் யாரும் எடுத்து ஏதாவது செய்துவிடக்கூடாது என்பதற்காக அழித்ததாக 2015ல் அவரே சொன்னார். நல்ல எண்ணம்தான், ரசிகர்கள் கைதட்டினார்கள். ஆனால் யோசித்துப் பார்த்தால் பயமாக இருக்கிறது. அழிக்க வேண்டும் என்று எமி சொன்னாரா? ஒரு அதிகாரி முடிவெடுத்தார். ஆலன் டக்ளஸ் தன் இஷ்டத்துக்குச் சேர்த்தார், இவர் தன் இஷ்டத்துக்கு நீக்கினார். இரண்டு பேருமே தங்களுடையது இல்லாத ஒன்றின் மேல் கடைசி வார்த்தையைத் தாங்களே சொன்னார்கள். டக்ளஸ் செய்ததையாவது பிறகு மாற்ற முடிந்தது.

எரிக்கும் உரிமை எழுதியவருக்கு உண்டு, சந்தேகமே இல்லை. பின்லாந்தின் சிபேலியஸ் எட்டாவது சிம்பொனியை வருடக்கணக்கில் தருகிறேன் தருகிறேன் என்று சொல்லிவிட்டு, 1940களில் ஒரு நாள் கூடை நிறையத் தாள்களைக் கொண்டுவந்து வீட்டுக் கணப்பில் தானே போட்டு எரித்தார். அதில் அந்த சிம்பொனியும் போயிற்று என்பதே எல்லோரும் நம்புவது. தப்பிப்பிழைத்ததாகக் கருதப்படும் சில துண்டுகளை 2011ல் ஹெல்சிங்கியில் வாசித்துக் காட்டினார்கள், மொத்தமே சுமார் மூன்று நிமிஷம். வயசாகிச் சாகிறவருக்கு இந்த வசதி உண்டு. 27லும் 30லும் போகிறவர்களுக்குக் கூடையைத் தூக்க நேரம் கிடைப்பதில்லை.

இன்னொரு பழைய வாதம்: அரைகுறை வெளிவந்தால் கலைஞரின் பெயர் கெடும். கேட்பவர்களை இவ்வளவு முட்டாளாக நினைக்க வேண்டியதில்லை. பக்லியின் அந்த இரண்டாவது தட்டைக் கேட்டவர்கள், டேப்பு இரைச்சலையும் சுருதி விலகலையும் பார்த்து, இவர் இவ்வளவுதானா என்று முடிவுகட்டவில்லை. 'கிரேஸ்'ஸில் வழுவழுவென்று கேட்ட அந்தக் குரல் இப்படித்தான் தட்டுத்தடுமாறி, ஒன்றைப் போட்டுப் பார்த்து, கலைத்து, வேறொன்றைத் தேடி வந்து சேர்ந்திருக்கிறது என்பது அதில் கேட்கும். பாட்டு கற்றுக்கொள்கிற ஒருவருக்கு 'கிரேஸ்'ஸைவிட இதில் பாடம் அதிகம். பெயர் கெடுவது கிறுக்கலால் அல்ல, கிறுக்கலுக்கு இஸ்திரி போட்டு முழு ஆல்பம் என்று விற்கும்போதுதான். ஆனால் ஒன்று, வீட்டில் ரெக்கார்டரில் இருப்பது எல்லாமே பாட்டு வேலை இல்லை. நண்பரோடு பேசியது, அழுதது, குடித்துவிட்டு உளறியது என்றெல்லாம் இருக்கும். அதை வெளியிட எந்த நியாயமும் இல்லை. அதற்கு 'அரிய பதிவு' என்று பெயர் வைத்தாலும் அது ஒட்டுக்கேட்பதுதான்.

இன்றைக்கு இந்த விவாதம் கிறுக்கலைத் தாண்டி வேறு இடத்துக்குப் போய்விட்டது. பீட்டில்ஸின் 'நவ் அண்ட் தென்' 2023 நவம்பர் 2ல் வந்தது. ஜான் லெனன் 1970களில் வீட்டில் பியானோ வாசித்தபடி பாடிய கேசட். 1995ல் மற்ற மூவரும் முயன்றார்கள். பியானோவும் குரலும் பிரிக்க முடியாமல் ஒட்டிக்கிடந்தன, ஜார்ஜ் ஹாரிசனுக்குத் திருப்தியும் இல்லை, விட்டுவிட்டார்கள். ஜார்ஜ் 2001ல் இறந்தார். அதன்பின் செயற்கை நுண்ணறிவை வைத்துக் குரலை மட்டும் பிரித்தெடுக்க முடிந்தது. அதில் கேட்பது லெனனின் தொண்டையிலிருந்து வந்த ஒலிதான். தூசி தட்டியிருக்கிறார்கள், அவ்வளவே. அது எப்படிச் செய்யப்பட்டது என்று குறும்படமே எடுத்துக் காட்டினார்கள். ஜார்ஜ் வேண்டாம் என்று விட்டதை, அவர் இல்லாதபோது அவருடைய 1995 கிடாரையும் சேர்த்து வெளியிட்டது மட்டும் நெருடுகிறது. அவர் மனைவியும் மகனும் சம்மதித்தார்கள் என்பது ஆறுதல்.

தமிழ் சினிமாவில் 2024ல் நடந்தது வேறு வகை. 'லால் சலாம்' படத்தின் ஒரு பாட்டில் ஏ.ஆர். ரஹ்மான், 2022ல் இறந்த பம்பா பாக்யா, அதற்குப் பல வருடம் முன்பே இறந்த ஷாகுல் ஹமீது இருவரின் குரலையும் செயற்கை நுண்ணறிவு மூலம் கொண்டுவந்தார். குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கிச் சன்மானமும் கொடுத்ததாக வெளிப்படையாகச் சொன்னார். அதே வருடம் 'கோட்' படத்தில், ஜனவரியில் இறந்த பவதாரிணியின் குரலை அவர் தம்பி யுவன் ஷங்கர் ராஜா ஒரு பாட்டில் கொண்டுவந்தார். தம்பி அக்காவின் குரலுக்காக ஏங்குவதைக் குறை சொல்ல யாருக்கு வாய் வரும்? அனுமதி இருக்கிறது, மறைக்கவும் இல்லை. அதனால் இதை 'மைக்கேல்' ஆல்பத்தோடு சேர்க்க முடியாது.

ஆனாலும் எஸ்.பி.பி. 2020ல் போன பிறகு, 2021ல் 'அண்ணாத்த' பாட்டு வந்தபோது கேட்டவர்களுக்குத் தொண்டை அடைத்ததே, அதற்கும் இதற்கும் வித்தியாசம் இருக்கிறது. அது அவர் மைக் முன்னால் நின்று பாடி முடித்தது. எந்த இடத்தில் மூச்சு வாங்கலாம், எங்கே ஒரு சின்னச் சிரிப்பை ஒளித்து வைக்கலாம் என்று அவர் முடிவெடுத்தது. குரல் மாற்றும் தொழில்நுட்பத்தில் வழக்கமாக வேறொருவர் முதலில் பாடுவார், அதன்மேல் இறந்தவரின் குரல்நிறம் பூசப்படும். மூச்சு அவருடையது, முடிவுகள் அவருடையவை, நிறம் மட்டும் இவருடையது. இதில் இறந்தவர் எதையும் பாதியில் விட்டுப்போகவில்லை, ஏனென்றால் எதையும் ஆரம்பிக்கவே இல்லை. அப்படியானால் உறையில் யார் பெயர் முதலில் வர வேண்டும்? பூசப்பட்ட நிறத்துக்குக் கீழே நின்று பாடியவரின் பெயரும் அதே அளவு எழுத்தில் வர வேண்டாமா? சூஸ்மையராவது தன் பெயரைச் சொல்லிச் சண்டை போட உயிரோடு இருந்தார்.

பிரின்ஸ் 2016 ஏப்ரல் 21ல் உயில் எழுதாமல் இறந்தார். பெய்ஸ்லி பார்க் வீட்டின் அடியில் இருந்த பெட்டகத்தைத் துளைபோட்டுத்தான் திறந்தார்கள். உள்ளே இருந்த டேப்புகள் பிறகு லாஸ் ஏஞ்சலஸ் கிட்டங்கிக்குப் போயின. 2018ல் அதிலிருந்து ஒரு கேசட்டை வெளியிட்டார்கள், 'பியானோ அண்ட் எ மைக்ரோஃபோன் 1983'. வீட்டில் பியானோ முன்னால் உட்கார்ந்து ஒரே மூச்சில் வாசித்த சுமார் 35 நிமிஷம். டிரம்ஸ் சேர்க்கவில்லை, விருந்தினர் ராப் பாடவில்லை. என்ன கருவி, என்ன வருடம் என்பதே தலைப்பு. ஆரம்பத்தில், விளக்கைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லி யாரிடமோ அவர் கேட்பதைக்கூட வெட்டாமல் விட்டிருக்கிறார்கள்.